எண்ணூர் உப்பும் உயிரின் முறுக்கும்

திருவொற்றியூரிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் சாலை எர்ணாவூரையும் எண்ணூரையும் தொட்டுக்கொண்டு கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தை அடைகிறது. அந்தப் பிரதேசத்தை இன்று காண்பவர், வானளாவிய புகைபோக்கிகளையும், நிலக்கரி ஏற்றிச் செல்லும் சரக்கு வண்டிகளையும், துறைமுகத்தின் பிரம்மாண்டமான கிரேன்களையும் பார்த்து, இது என்றைக்கும் இயந்திரங்களின் ராஜ்யமாகவே இருந்திருக்கும் என்று எண்ணிவிடுவது இயல்பு. ஆனால் எண்ணூர் அனல் மின்நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது 1970இல்தான். வட சென்னை அனல் மின்நிலையம் வந்தது 1994இல். எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது 2001இல். இவையெல்லாம் வருவதற்கு முன்னர், மீனுக்கு அடுத்தபடியாக இக்கழிமுகத்து மக்களுக்குச் சோறு போட்டது உப்பு. அந்த உப்பின் சரித்திரத்தையும், உப்பளத்தை விட்டு அகலாமல் அங்கேயே வாழ்ந்துவரும் கண்ணுக்குப் புலப்படாத ஜீவராசிகளின் உள்ளே அந்த உப்பு நிகழ்த்தும் சூட்சுமமான காரியத்தையும் ஒருசேர வைத்துப் பார்ப்பதே என் நோக்கம். அவ்வாறு பார்த்தால், அரசாங்கக் கணக்குகளில் வெறும் களர்நிலமாக எழுதப்பட்ட ஒரு நிலம், உயிரைப் பற்றிய எத்தகைய உண்மைகளைத் தன் பாத்திகளில் தேக்கி வைத்திருந்தது என்பது விளங்கும்.

அத்திப்பட்டு, வல்லூர், காட்டுப்பள்ளி என்னும் ஊர்களைச் சுற்றி விரிந்திருந்த அளங்களில் தொழில் நடந்த முறை எளியது. ஆயினும் மிகுந்த கவனத்தை வேண்டுவது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை மாதம் பிறந்ததும், மழையால் கரைந்து சிதைந்த வரப்புகளைச் சீர்செய்து, பாத்திகளின் அடித்தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்கி, கழியின் உவர்நீரைத் தேக்கத்தில் ஏற்றி, அங்கிருந்து ஒன்றன்பின் ஒன்றாகப் பல பாத்திகளில் நகர்த்தி வெயிலில் காயவிடுவார்கள். கடல்நீரில் நூற்றுக்கு மூன்றரைப் பங்கே உப்பு. அது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காக வற்றினால்தான் சோற்றுப்பு படியத் தொடங்கும். இடையில் முதலில் சுண்ணச் சத்தும், பிறகு ஜிப்சமும் படிந்து விலக வேண்டும். முடிவில், கசப்பான மக்னீசிய உப்புகள் படிவதற்கு முன்பே எஞ்சிய நீரை வடித்துவிட வேண்டும். முந்தினால் ஜிப்சம் கலந்துவிடும். பிந்தினால் உப்பு கசந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள சரியான நாழிகையை, கருவி கொண்டு டிகிரி பார்க்கும் காலம் வருவதற்கு முன்பே, நீரின் நிறத்தையும் கனத்தையும் கொண்டு அறிந்தவர்கள் அளத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். வெண்மையான உப்பின் மேல் பட்டுத் திரும்பும் சித்திரை வெயிலில் கண் கூசிக் கூசிப் பார்வை மங்க, உவர்நீரில் நின்று நின்று காற்புண் ஆறாமலே இருக்க, புரட்டாசி வரையில் அவர்கள் வாரிய உப்பு வரப்போரத்தில் அம்பாரமாக ஏறும். அதன் பின் மழை வரும், தொழில் நின்றுபோகும், நின்றுபோகும் மாதங்களில் கூலியும் இல்லை.

தொண்டை நாட்டில் உப்பு வாணிகம் மிகப் பழமையானது. காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்ட பெரும்பாணாற்றுப்படையில், குடும்பத்தோடு மாட்டுவண்டிகளில் உப்பேற்றிச் செல்லும் உமணர்களைப் பற்றிய விரிவான வருணனை உண்டு. பிற்காலத்தில் அந்த வண்டித்தடத்துக்கு ஒரு நீர்வழி துணையாயிற்று. 1806இல் பேசில் காக்ரேன் என்ற ஆங்கிலேயரின் முயற்சியால், சென்னையிலிருந்து எண்ணூர் வரை பதினொரு மைல் தூரத்துக்கு ஒரு கால்வாய் வெட்டி முடிக்கப்பட்டது. 1837இல் துரைத்தனத்தார் அதை ஏற்றுக்கொண்டு வடக்கேயும் தெற்கேயும் நீட்டினார்கள். 1876 முதல் 1878 வரை நிலவிய கொடும் பஞ்சத்தில் பசித்த மக்களுக்கு வேலை கொடுக்கும் பொருட்டு அப்பணி மேலும் விரிந்து, அன்றைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரைப் பெற்றது. அக்கால்வாயில் பட்டணத்துக்கு வந்த சரக்குகளில் விறகும் உப்பும் முதன்மையானவை. படகுகள் தங்கிய நீர்த்தேக்கத்தின் நினைவு பேசின் பிரிட்ஜ் என்னும் பெயரிலும், உப்பு சேமிக்கப்பட்ட இடத்தின் நினைவு சென்ட்ரல் நிலையத்துக்கு அருகிலுள்ள சால்ட் கோட்டர்ஸ் என்னும் பெயரிலும் இன்றும் நிலைத்திருக்கின்றன. அப்பெயர்களை நாள்தோறும் உச்சரிக்கும் ரயில் பிரயாணிகளில் அவற்றின் காரணத்தை அறிந்தவர் வெகு சிலரே.

உப்பு விளைவித்தவனுக்கு அதன் மேல் உரிமை இருந்ததா என்றால், பெரும்பாலும் இல்லை. சென்னை ராஜதானியில் 1805ஆம் ஆண்டுச் சட்டத்தால் உப்பு கம்பெனியாரின் ஏகபோகமாயிற்று. விளைந்த உப்பையெல்லாம் அரசாங்கம் குறித்த விலைக்கே அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்றும், வேறு எவருக்கும் விற்றலாகாது என்றும் விதிக்கப்பட்டது. 1882இல் இந்தியா முழுமைக்கும் ஒரே அளவாக மணங்கு ஒன்றுக்கு இரண்டு ரூபாய் வரி நிர்ணயிக்கப்பட்டபோது, அதே மணங்கு உப்பை உற்பத்தி செய்ய ஆன செலவு சில அணாக்களே என்பதை நினைத்துப் பார்த்தால், ஏழையின் கஞ்சிக் கலயத்திலிருந்து அரசாங்கம் எதை எடுத்துக்கொண்டது என்பது புலனாகும். 1889ஆம் ஆண்டுச் சென்னை உப்புச் சட்டம் அளங்களைக் காவலுக்கும் சோதனைக்கும் உட்படுத்தியது. உவர்மண்ணைச் சுரண்டி எடுப்பதும் குற்றமாயிற்று. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்த பயணம் எந்த அநீதியை எதிர்த்ததோ, அந்த அநீதியின் காவற்சாவடிகள் எண்ணூர்க் கழியோரத்திலும் நின்றவையே. 1947இல்தான் அவ்வரி ஒழிந்தது.

இவ்வுப்புச் சரித்திரத்தில் ஒரு கிளைக்கதை உண்டு. அதுவே நம்மை விஞ்ஞானத்தின் வாசலுக்கு அழைத்துச் செல்கிறது. உப்பு வரியின் பாரத்தால் கடற்கரை மக்கள் மீனுக்கு உப்பிட முடியாமல், பிடித்த மீன் அழுகிப்போவதைக் கண்ட பிரான்சிஸ் டே என்னும் மருத்துவர், 1873இல் வெளியிட்ட மீன்வள அறிக்கையில் அதைச் சுட்டிக்காட்டினார். அதன் பின்னர் கரையோரமெங்கும் உப்புத் துறையின் மேற்பார்வையில் மீன் உப்பிடும் களங்கள் ஏற்பட்டு, அங்கு மாத்திரம் குறைந்த விலைக்கு உப்பு கிடைத்தது. 1905இல் மீன்வளப் பணியை ஏற்ற பிரடெரிக் நிக்கல்சன் அக்களங்களில் கருவாட்டின் தரத்தை உயர்த்தப் பெரிதும் பாடுபட்டார். ராயபுரம், காசிமேடு கரைகளில் கருவாடு விற்கும் பெண்களுக்கு நெடுங்காலமாகத் தெரிந்த ஒரு தொல்லை உண்டு: நன்றாக உப்பிட்டு உலர்த்திய கருவாடு, புழுக்கமான நாட்களில், மேலே இளஞ்சிவப்பாகப் பூத்துவிடும். பதனிடுவதற்காக உப்பிட்டு அடுக்கிய ஆட்டுத்தோலிலும் மாட்டுத்தோலிலும் அதே சிவப்பு தோன்றும். அளத்தில் முற்றிய உவர்நீரும் கடும் வெயிற்காலத்தில் செந்நிறம் கொள்ளும். உப்பு எதையும் கெடாமல் காக்கும் என்பது உலக வழக்காயிருக்க, உப்பிலேயே பிறந்து உப்பிட்ட பண்டத்தையே கெடுக்கும் இது யாது என்ற கேள்விக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவிலும் கனடாவிலும் நடந்த ஆராய்ச்சிகள் விடை கண்டன. உப்பு மிகுந்த இடத்தில் மாத்திரமே வாழக்கூடிய, உப்பு குறைந்தால் உடல் சிதைந்து மடிந்துபோகிற நுண்ணுயிர்களே அச்செந்நிறத்துக்குக் காரணம். இன்று அவற்றுள் முக்கியமான ஒன்றை ஹாலோபாக்டீரியம் என்று வழங்குகிறோம்.

இந்த நுண்ணுயிர் வெளியிலுள்ள உப்பைக் கண்டு அஞ்சி ஒதுங்குவதில்லை. உவர்நீர் தன் உடலின் ஜலத்தை உறிஞ்சிவிடாதபடி, அது தன்னுள் பொட்டாசியம் உப்பை அளவுகடந்து நிரப்பிக்கொள்கிறது; அதன் புரதங்கள் அந்த உப்புச் செறிவிலேயே வேலை செய்யுமாறு அமைந்தவை. 2000ஆம் ஆண்டில் இதன் மரபுத்தொகுதி முழுமையும் படித்தறியப்பட்டது: ஏறத்தாழ இருபத்தைந்து லட்சத்து எழுபதாயிரம் எழுத்திணைகள் (மரபிழையின் ஜோடி எழுத்துகள்), ஒரு பெரிய வளையத்திலும் இரு சிறிய வளையங்களிலும் அடங்கியவை. இங்கேதான் சிந்திக்க வேண்டியது வருகிறது. இத்தனை நீளமான இழை, நீட்டினால் ஒரு மில்லிமீட்டரை நெருங்கும் அது, அம்மில்லிமீட்டரில் சில நூறில் ஒரு பங்கே நீளமுள்ள ஓர் உயிரணுவுக்குள் எவ்வாறு அடங்குகிறது? அடங்கியபின், வேண்டிய மரபணு வேண்டிய வேளையில் எவ்வாறு வாசிக்கப்படுகிறது? இரண்டு கேள்விகளுக்கும் விடையின் பெரும்பகுதி ஒன்றே; அது டி.என்.ஏ.யின் மீமுறுக்கு.

டி.என்.ஏ. என்பது ஒன்றையொன்று வலப்புறமாகச் சுற்றிய ஈரிழை. சுமார் பத்தரை எழுத்திணைக்கு ஒரு சுற்று. காசிமேட்டில் படகு கட்டும் வடத்தின் இரு முனைகளையும் அசையாமல் பற்றிக்கொண்டு, அதன் இயல்பான முறுக்குக்கு மேலும் முறுக்கினாலோ, அல்லது எதிர்ப்புறமாக முறுக்கைக் குறைத்தாலோ, வடம் நேராக நிற்க மாட்டாமல் தன்மேல் தானே சுருண்டு மடிவதைக் காணலாம். ஈரிழை வளையத்துக்கும் அதுவே நியதி. இயல்பைவிட மிகுதியாக முறுக்கினால் ஏற்படுவது நேர்மீமுறுக்கு. குறைத்தால் ஏற்படுவது எதிர்மீமுறுக்கு. பெரும்பாலான பாக்டீரியாக்கள் தங்கள் டி.என்.ஏ.யில் நூறு சுற்றுக்கு ஏறக்குறைய ஆறு சுற்றைக் குறைத்தே வைத்திருக்கின்றன. குறைத்து வைப்பதில் இரட்டைப் பயன் உண்டு. ஒன்று, இழை சுருண்டு கட்டுக்குள் அடங்குகிறது. மற்றொன்று, இழைகளைப் பிரிக்கத் துடிக்கும் ஓர் அழுத்தம் அதில் சேமிப்பாகத் தங்குகிறது. மரபணுவை வாசிக்க வேண்டுமாயின் இரு இழைகளையும் ஓரிடத்தில் திறந்தாக வேண்டும் அன்றோ, அத்திறப்புக்கு இச்சேமிப்பு கைகொடுக்கிறது.

இவ்வுண்மை முதன்முதலில் தென்பட்டது 1965இல், கலிபோர்னியாவில் ஜெரோம் வினோகிராடும் அவர் சகாக்களும் பாலியோமா என்னும் வைரஸின் வளைய டி.என்.ஏ.யை ஆராய்ந்தபோது. இழையில் எங்கும் அறுபடாத வளையம் இறுகிச் சுருண்டிருந்தது. ஓரிழையை ஓரிடத்தில் வெட்டிய மாத்திரத்தில் அது தளர்ந்து விரிந்தது. மூடிய வளையத்தில் ஓர் இழை மற்றோர் இழையை எத்தனை முறை சுற்றுகிறதோ அந்த எண்ணிக்கை, அதாவது சுற்றெண், எங்காவது வெட்டினாலன்றி ஒருபோதும் மாறாது என்பது கணிதம் தரும் உறுதி. இந்த உறுதியின் மேல்தான், நம் சென்னையோடு சம்பந்தமுடைய ஒரு பெரிய விவாதம் பின்னர் எழுந்தது.

ஜி. என். ராமச்சந்திரன் 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகத் துறைக்குத் தலைமை ஏற்றதும், தோலில் உள்ள கொலாஜன் என்னும் புரதம் மூவிழைச் சுருளாலானது என்பதை 1954இலும் 1955இலும் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து நிறுவியதும் பலரும் அறிந்த செய்தி. அந்த ஆராய்ச்சிக்கு வேண்டிய நார் அடையாற்றிலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தது. அவருடைய மாணாக்கர் வி. சசிசேகரன், 1963இல் வெளிவந்த புகழ்பெற்ற ராமச்சந்திரன் வரைபடக் கட்டுரையின் ஆசிரியர் மூவருள் ஒருவர். அவர் பின்னர் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்குச் சென்று, 1976இல் என். பட்டாபிராமனோடு சேர்ந்து, டி.என்.ஏ.யின் ஈரிழைகள் ஒன்றையொன்று சுற்றியே தீர வேண்டும் என்பதில்லை, அவை பக்கம் பக்கமாகப் படுத்து, சிறிது வலமாகவும் சிறிது இடமாகவும் மாறி மாறி வளைந்து செல்லலாம் என்ற மாற்றுக் கருத்தை முன்வைத்தார். அதே ஆண்டில் நியூசிலாந்திலிருந்தும் அத்தகைய கருத்து வெளிவந்தது. கருத்தில் ஒரு கவர்ச்சி இருந்தது: இழைகள் சுற்றாமல் இருந்தால், உயிரணு பெருகும்போது லட்சக்கணக்கான சுற்றுகளை அவிழ்க்கும் சிரமமே இல்லை. இதற்கு விடையாக 1979இல் பிரான்சிஸ் கிரிக், ஜேம்ஸ் வாங், வில்லியம் பாவர் மூவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். பக்கம் பக்கமாகப் படுத்தால் மூடிய வளையத்தில் சுற்றெண் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். சோதனைகளோ பத்தரை எழுத்திணைக்கு ஒரு சுற்று உண்டு என்பதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டுகின்றன என்பது அவர்கள் வாதம். வாதம் வென்றது, ஈரிழைச் சுருள் நிலைத்தது.

சசிசேகரனின் கருத்து நிலைக்கவில்லை என்பதற்காக அதைக் குறைத்து எண்ணுவது நியாயமாகாது என்பது என் அபிப்பிராயம். உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட ஒன்றைச் சென்னையில் பயின்ற ஒருவர் வடிவகணிதத்தின் துணையோடு துணிந்து கேள்வி கேட்டதால், அதுவரை ஊகமாகக் கொண்டிருந்ததை அளந்து நிறுவும் கட்டாயம் கிரிக்குக்கே ஏற்பட்டது. மேலும், டி.என்.ஏ. இடப்புறமும் சுழலக்கூடும் என்ற அவருடைய அடிப்படை எண்ணம் வீணாகவில்லை. அதே 1979இல் அலெக்சாண்டர் ரிச்சின் குழுவினர் இடச்சுருளான டி.என்.ஏ. வடிவத்தைப் படிகத்தில் கண்டார்கள்; எதிர்மீமுறுக்கு ஏறிய டி.என்.ஏ.யில் சில குறிப்பிட்ட எழுத்து வரிசைகள் அவ்வடிவத்துக்கு மாறும் என்பதும் பின்னர் தெளிவாயிற்று. இந்தச் செய்தி எண்ணூர் அளத்தின் செந்நீரில் மறுபடியும் நமக்கு வேண்டியிருக்கும்.

முறுக்கு தானாக ஏறுவதில்லை. 1971இல் ஜேம்ஸ் வாங், மீமுறுக்கைத் தளர்த்தும் நொதி ஒன்றைக் கண்டார். 1976இல் மார்ட்டின் ஜெல்லர்ட்டும் சகாக்களும், எதிர்மீமுறுக்கை ஏற்றும் நொதியைக் கண்டு அதற்கு ஜைரேஸ் என்று பெயரிட்டார்கள். அது ஈரிழையையும் வெட்டி, இழையின் இன்னொரு பகுதியை அந்த வெட்டின் வழியே கடத்தி, மீண்டும் ஒட்டிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் சுற்றெண் இரண்டு குறைகிறது. அந்த வேலைக்கு ஏ.டி.பி. என்னும் சக்திப் பொருளைச் செலவிடுகிறது. ஏற்றும் நொதியும் தளர்த்தும் நொதியும் ஒன்றையொன்று காத்து நிற்கின்றன. முறுக்கு தளர்ந்தால் ஜைரேஸின் மரபணுக்கள் தாமே மிகுதியாக வாசிக்கப்பட்டு நொதி பெருகும் என்பதை 1983இல் ரால்ஃப் மென்செலும் ஜெல்லர்ட்டும் காட்டினார்கள். இந்த நொதியின் முக்கியத்துவம் ஆய்வுக்கூடத்தோடு நிற்பதன்று. தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனைக்கு வயிற்றோட்டத்தோடும் டைபாய்டு ஜுரத்தோடும் வந்த ஏழை எளியவர்களைக் காத்த மருந்துகளுள் நாலிடிக்சிக் அமிலமும் சிப்ரோபிளாக்சசினும் கிருமியின் ஜைரேஸைத்தான் முடக்குகின்றன; அளவுக்கு மீறியும் அரைகுறையாகவும் அவற்றைப் பயன்படுத்தியதால், ஜைரேஸை மாற்றிக்கொண்டு தப்பிய கிருமிகள் இன்று பெருகியிருப்பது வருந்தத்தக்கது.

ஆனால் அடங்குதல் என்பது நொதியால் மாத்திரம் ஆவதன்று. 1972இல் ஏப்ரஹாம் வோர்செலும் எலிசபெத் பர்கியும் குடல்வாழ் பாக்டீரியத்தின் மரபுத்தொகுதியைச் சிதையாமல் எடுத்துப் பார்த்தபோது, அது பல கண்ணிகளாகப் பிரிந்திருப்பதையும், ஒரு கண்ணியில் இழையை வெட்டினால் அக்கண்ணியில் மட்டும் முறுக்கு தளர்ந்து மற்றவை இறுக்கமாகவே இருப்பதையும் கண்டார்கள். மரபுத்தொகுதி தனித்தனி முறுக்குப் பிரதேசங்களாக வகுக்கப்பட்டிருக்கிறது என்பது இதன் பொருள். மனிதன் முதலிய உயர்ந்த ஜீவன்களில் 147 எழுத்திணைகள் ஹிஸ்டோன் புரதங்களின் மேல் இடப்புறமாக ஒன்றரைச் சுற்றுக்குச் சற்று அதிகமாகச் சுற்றி, எதிர்மீமுறுக்கைப் புரதத்தின் மேலேயே தேக்கிவைக்கின்றன. வாசிப்பும் தன் பங்குக்கு முறுக்கை மாற்றுகிறது. மரபணுவை வாசிக்கும் நொதி இழையில் முன்னேறும்போது, அதற்கு முன்னால் நேர்மீமுறுக்கும் பின்னால் எதிர்மீமுறுக்கும் எழும் என்று 1987இல் லிராய் லியுவும் வாங்கும் விளக்கினார்கள். ஆகவே ஒரு மரபணு வாசிக்கப்படுவது, அதே கண்ணியிலுள்ள அண்டை மரபணுவை எழுப்பவோ அடக்கவோ கூடும். மரபணுக்களின் அடுக்குமுறையும் அவற்றின் செயலும் வெவ்வேறு சங்கதிகள் என்று நினைத்திருந்த காலம் இதனோடு முடிந்தது.

இப்போது உப்புக்குத் திரும்புவோம். 1988இல் கிறிஸ்டபர் ஹிகின்சும் சார்லஸ் டோர்மனும் பிறரும் வெளியிட்ட ஆராய்ச்சி, குடல்வாழ் பாக்டீரியங்கள் இருக்கும் நீரில் உப்பு ஏறினால் அவற்றின் டி.என்.ஏ.யில் எதிர்மீமுறுக்கு ஏறுகிறது என்றும், அம்முறுக்கோடு சேர்ந்து, உப்பைத் தாங்க உதவும் பொருள்களை உள்ளே இழுக்கும் மரபணுத் தொகுப்பு விழித்தெழுகிறது என்றும் காட்டியது. முறுக்கு ஒன்றே இதற்குக் காரணம் என்று எல்லோரும் ஒப்பவில்லை, டி.என்.ஏ.யோடு ஒட்டும் புரதங்களுக்கும் இதில் பங்கு உண்டு. எனினும், வெளியுலகின் உப்பை உயிரணு தன் மரபிழையின் முறுக்கிலேயே உணர்கிறது என்னும் கருத்து அன்று வேரூன்றியது. மழைக்காலத்தில் நன்னீரும் கோடையில் உவர்நீரும் மாறி மாறி நிரம்பும் எண்ணூர்க் கழி போன்ற ஓரிடத்தில் வாழும் நுண்ணுயிருக்கு இத்தகைய உணர்வு எவ்வளவு இன்றியமையாதது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. வெப்பமும் ஈரிழையின் முறுக்கை மாற்றும். மின்நிலையங்கள் குளிர்விப்புக்குப் பயன்படுத்திய சுடுநீர் நெடுங்காலம் அக்கழியில் கலந்தது என்பதையும் இங்கே நினைக்க வேண்டும்.

செந்நீரின் ஹாலோபாக்டீரியத்தைப் பற்றிய கண்டுபிடிப்பு இன்னும் விசேஷமானது. நீரில் உப்பும் வெப்பமும் ஏற ஏற அதில் கரையும் பிராணவாயு குறையும். சித்திரை, வைகாசியில் உப்பு படியும் பாத்தியில் அது மிகவும் அருகிப்போகும். அப்பொழுது இந்நுண்ணுயிர் இரண்டு காரியங்களைச் செய்கிறது: சூரிய ஒளியைக் கொண்டே சக்தி தேடும் ஊதாநிறச் சவ்வு ஒன்றை உண்டாக்குகிறது, உள்ளே நுண்ணிய வாயுப்பைகளை அமைத்து மேற்பரப்புக்கு மிதந்து வருகிறது. ஊதாச் சவ்வின் புரதத்தை 1971இல் டீட்டர் ஊஸ்டர்ஹெல்ட்டும் வால்டர் ஸ்டோகெனியசும் கண்டறிந்தார்கள். 1990இல், அமெரிக்காவில் பணியாற்றிய ஷிலாதித்ய தாஸ்சர்மாவும் அவருடைய சகா யாங்கும், ஜைரேஸை முடக்கும் நோவோபயோசினைக் கொடுத்தால் இவ்விரண்டு மரபணுத் தொகுப்புகளும் விழிப்பதில்லை என்று காட்டினார்கள். 1996இல் அவர்கள் குழு மேலும் சென்று, ஊதாப் புரத மரபணுவின் தொடக்கத்துக்கு முன்னால் உள்ள ஒரு சிறு எழுத்து வரிசை, மீமுறுக்கு ஏறும்போது வழக்கமான சுருள் வடிவத்தை விட்டு வேறு வடிவம் கொள்கிறது என்றும், மீமுறுக்கு அம்மரபணுவின் வாசிப்பைத் தூண்டுகிறது என்றும் நிறுவியது. டி.என்.ஏ. எங்கும் ஒரே சீரான சுருளாக இருக்க வேண்டியதில்லை என்று சசிசேகரன் கொண்ட எண்ணத்துக்கு, உப்பளத்து உயிரொன்று தன் அளவில் இவ்வாறு சான்று பகர்ந்தது.

பாத்தியின் நீர் சிவக்கும் நாளில் உப்பு நன்றாக விளையும் என்பது அளத்துக்காரர்களின் அனுபவம். விஞ்ஞானமும் அதை மறுக்கவில்லை: செந்நிறம் வெயிலின் வெப்பத்தை அதிகம் கிரகிக்கிறது, நீர் விரைந்து ஆவியாகிறது. ஆகவே உமணர் காலத்திலிருந்து அளத்து மனிதன் வாரிய உப்பில், கண்ணுக்குத் தெரியாத இந்தச் சகதொழிலாளிக்கும் பங்கு இருந்தது என்று சொல்வது மிகையன்று.

இன்று அந்த அளங்களில் பெரும்பாலானவை இல்லை. உப்புத் துறையின் நிலங்கள் மின்நிலையங்களுக்கும் துறைமுகத்துக்கும் கிடங்குகளுக்கும் கைமாறின. கழியின் ஓடைகளில் சாம்பல் படிந்து நீரோட்டம் தடைபட்டது. அலையாத்திக் காடு சுருங்கியது. 2017 ஜனவரியில் கடலில் இரு கப்பல்கள் மோதியதாலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்ததாலும் எண்ணெய் பரவி, காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் முதலிய ஊர்களின் வலைகளையும் படகுகளையும் வாழ்வையும் கறைப்படுத்தியது. மீனவரும், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களும் தங்கள் இழப்பைச் சொல்லக் குரல் உள்ளவர்கள், அக்குரலையே கேட்பாரில்லை. குரலே இல்லாத செந்நீர் உயிர்களைப் பற்றி எவர் பேசுவார்?

ஆகவே, பல்கலைக்கழகங்களில் நுண்ணுயிரியல் பயிலும் நம் இளைஞர்களிடமும், அவர்களை வழிநடத்தும் ஆசிரியர்களிடமும் என் வேண்டுகோள் இது. எண்ணூர்க் கழியைச் சுற்றி எஞ்சியுள்ள அளங்களில், தை முதல் புரட்டாசி வரை மாதந்தோறும் உவர்நீரை எடுத்து, அதிலுள்ள உயிர்களைப் பிரித்து வளர்த்து, சண்டிகரில் உள்ள தேசிய நுண்ணுயிர்க் காப்பகத்தில் பத்திரப்படுத்துங்கள். அவற்றின் மரபிழையில் உப்பு ஏற்றும் முறுக்கை இந்த மண்ணின் நீரிலேயே அளந்து பாருங்கள். அளத்தில் உழைத்த முதியோர் உயிரோடு இருக்கும்போதே, நீரின் நிறம் பார்த்து அவர்கள் அறிந்தவற்றை எழுதி வையுங்கள். அரசாங்கத்தாரிடமும் ஒன்று கேட்கிறேன்: மீதமிருக்கும் உப்பு நிலத்தைத் தரிசு என்று கணக்கெழுதி இனி எவருக்கும் தாரைவார்க்காமல், அளமாகவே காப்பாற்றுங்கள்.